கிட்டப்பா – சுந்தராம்பாள்: இரு ஜாதகங்களும் ஒரு மேடையும்

தமிழ் நாடக மேடையில் இணை சேர்ந்து புகழ் பெற்றோர் பலர். எனினும் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் போல மக்கள் நெஞ்சில் ஒரு கதையாகவே நிலைத்துவிட்டோர் வேறு எவருமிலர். அவர்கள் இணைந்து நின்ற காலம் எட்டாண்டைத் தாண்டவில்லை. கிட்டப்பா 27 வயதில் மறைந்ததையும், சுந்தராம்பாள் 25 வயதில் வெள்ளுடை பூண்டதையும் ‘ஜாதகப் பலன்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. அங்ஙனமாயின், அந்தக் கட்டங்களை ஒருமுறை விரித்துப் பார்ப்பதில் பிழையில்லை.

கிட்டப்பா பிறந்தது 1906 ஆகஸ்டு 25. பராபவ ஆண்டு, ஆவணித் திங்கள். சுந்தராம்பாள் பிறந்தது 1908 அக்டோபர். கீலக ஆண்டு, புரட்டாசித் திங்கள். கிட்டப்பாவுக்குச் சூரியன் சிம்மத்தில் ஆட்சி. நேர் எதிரே கும்பத்தில் சனி, அதுவும் ஆட்சி. சுந்தராம்பாளுக்குச் சூரியன் கன்னியில். நேர் எதிரே மீனத்தில் சனி. ஆக, இருவர் ஜாதகத்திலும் தந்தையும் மகனுமான அப்பகைக் கிரகங்கள் ஏழாம் பார்வையாக ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. இஃது ஒன்று போதாதா, துயரத்தைப் படித்துவிட?

இனிய பலன் தேடுவோருக்கும் இடமுண்டு. சுந்தராம்பாள் பிறந்தபோது குருவும் சுக்கிரனும் சிம்மத்தில் கூடியிருந்தனர். கிட்டப்பாவின் சூரியன் நின்ற அதே இராசி அது. குரு சிம்மத்தில் நின்றமையால்தான் அடுத்து வந்த 1909 மாசியில் குடந்தையில் மகாமகம் நிகழ்ந்தது. ஒருவருடைய ஆன்மகாரகன்மீது மற்றவருடைய ஞானகாரகனும் கலைகாரகனும் வந்து அமர்ந்தால், இருவரும் மேடையில் சேராமல் இருப்பரோ என்று சோதிடர் கேட்கலாம். கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே நூல் முறையில் கிட்டப்பாவின் சுக்கிரன் கன்னியில் நீசம். இசைக்கும் இன்பத்துக்கும் உரிய கிரகம் வலுவிழந்து கிடக்கும் ஜாதகத்தில் அப்படியொரு குரல் பிறந்தது எங்ஙனம்? ‘நீசபங்கம்’ என்று விடை வரும். சோதிட நூலில் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு மாற்றுச் சாவி உண்டு. பூட்டு திறந்துகிடந்த பிறகு சாவியைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் இடர்ப்பாடில்லை.

கணக்கிலேயே உள்ள இடைவெளிகள் இன்னும் பெரியவை. இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். நம்பத்தக்க பிறந்த நேரமின்றி ஏழாம் வீடு எது, எட்டாம் வீடு எது என்று பேச வழியில்லை. சுந்தராம்பாளின் பிறந்த நாளையே 10 என்போரும் 11 என்போரும் உளர். பௌர்ணமி கழிந்து, சந்திரன் ரேவதியைக் கடந்து அசுவினிக்குள் புகும் வேளை அது. இராசி மீனமா மேஷமா என்பதே உறுதிப்படாதபோது பத்துப் பொருத்தத்தில் எதைப் பார்ப்பது? கிட்டப்பாவின் சந்திரன் துலாத்தில் இருந்தது. 1933-இல் சனி மகரத்தில் நின்றது. எனவே அர்த்தாஷ்டமச் சனி அவரைக் கொண்டுபோயிற்று எனலாம். அவ்வாண்டில் துலா இராசிக்காரர் அனைவருக்கும் அதே சனிதான். அவ்வாறே, சூரியனுக்கு எதிரே சனி நிற்பது ஆண்டுதோறும் ஒரு திங்கள் நிகழ்வது. அத்திங்களில் பிறக்கும் அத்தனை பிள்ளைகளும் கிட்டப்பாவாவதில்லை.

அவர்களை இணைத்தது வேறொரு பொருத்தம். அக்காலத்து ‘ஸ்பெஷல் நாடகம்’ ஒரே கம்பெனியில் ஒத்திகை பார்த்து ஆடுவதன்று. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் எல்லோருக்கும் மனப்பாடம். மேடையில்தான் முதற்சந்திப்பு, பாட்டுக்குப் பாட்டு, தர்க்கத்துக்குத் தர்க்கம். தளர்ந்தவரைச் சபை மன்னிக்காது. இணையைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாடகக் காண்டிராக்டர்கள். அவர்கள் பார்த்த பொருத்தம் வசூல். ஒலிபெருக்கி இல்லாத நாளில் கொட்டகையின் கடைசி வரிசை வரை குரல் போய்ச்சேர வேண்டும். ஆண்குரலும் பெண்குரலும் ஒரே சுருதியில் நின்று, இருவருள் எவரும் இறங்கிக் கொடுக்காமல் பாடுவது அரிது. கிட்டப்பா தம் ஆண்குரலை எட்ட முடியாத உயரத்துக்கு ஏற்றிப் பழகியவர். கொடுமுடியில் வறுமையோடு வளர்ந்து, இரயில் வண்டியில் பாடிக் காசு பெற்ற சிறுமியின் குரலும் உரத்த வெளியில் உருவானதே. 1926-இல் கொழும்பில் இவ்விரு குரல்களும் சந்தித்தன. அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் அறிந்த பொருத்தத்தைப் பஞ்சாங்கம் அறியாது.

அடுத்த ஆண்டே மாயவரத்தில் திருமணம். கிட்டப்பா முன்னரே மணமானவர், அந்தணர். சுந்தராம்பாள் வேறு குலத்தவர். இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949-இல்தான் வந்தது; எனவே சட்டம் குறுக்கிடவில்லை, ஊரும் உறவும் குறுக்கிட்டன. மேடையில் சரிக்குச் சரி நின்று பாடிய பெண்ணுக்கு, மேடையை விட்டிறங்கியதும் வீட்டில் அந்த இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. கிட்டப்பா பிரிந்து போனார். மதுவும் நோயும் அவரை வீழ்த்தியதை வரலாறு எழுதியோர் மறைக்கவில்லை. அச்சில் வந்துள்ள சுந்தராம்பாளின் கடிதங்களில் மனத்தாங்கலும் ஏக்கமும் மாறிமாறித் தெரிகின்றன. இவற்றையெல்லாம் சனியின் தலையில் ஏற்றிவிட்டால் அந்த வீடும் ஊரும் பொறுப்பிலிருந்து நழுவிவிடும். ஜாதகத்தின் பெரிய வசதியே அதுதான்.

1933 டிசம்பர் 2-இல் கிட்டப்பா மறைந்தார். அவர் திரைப்படத்தில் தோன்றவேயில்லை. இசைத்தட்டுகளில் எஞ்சிய குரல்தான் இன்று அவர். அதன்பின் சுந்தராம்பாள் வாழ்ந்தது 46 ஆண்டுகளுக்கும் மேல். அணிகலன் துறந்தார், ஆணுக்கு இணையாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். இதனைக் கைம்பெண் கோலம் என்று மட்டும் படித்தோர் அவருடைய தொழில் நுட்பத்தைக் கவனிக்கவில்லை. நந்தனார் படத்தில் நடிக்க அழைப்பு வந்தபோது அவர் கேட்ட ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய், அது தரப்பட்டது. 1935-இல் வெளிவந்த அப்படத்தில் நந்தனாராகவே அவர் நடித்தார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். ஆணுக்கு இணையாக நடிப்பதில்லை என்ற சொல்லும் காப்பாற்றப்பட்டது, தலைமைப் பாத்திரமும் கைவிட்டுப் போகவில்லை.

காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினார். பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினரானார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்த ஆண்டுகளுக்குப் பலன் எழுத முற்படுவோர் மிகச் சிலரே. சோகத்துக்குக் கிரகம் தேடுவோர் உழைப்புக்குத் தேடுவதில்லை போலும்.

1953-இல் ஜெமினியின் ஔவையார் வெளிவந்தது. மணப்பேச்சு வந்த வேளையில் பிள்ளையாரை வேண்டி, இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொண்டு, கோலூன்றித் தமிழ்நாடெங்கும் நடந்த புலவர் கதை அது. அந்த வேடத்துக்கு எஸ்.எஸ். வாசன் அழைத்தது சுந்தராம்பாளை. அப்போது அவருக்கு வயது 44.