காட்டோர ஊர்களுக்கு வந்த சோலார் வெளிச்சம்

காவிரியின் சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கத்தை அடைந்தது. 1905 ஆகஸ்டில் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. மைசூர் சமஸ்தானம் பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் அதே காவிரிப் பக்கத்துக் காடுகளிலும் பிலிகிரிரங்கன் மலையிலும் இருந்த குடியிருப்புகள் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இரவைக் கழித்தன.

தொலைவு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு எந்தப் பயனுக்குத் திருப்பவும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். மின்கம்பம் நடுவதும் அதில் அடங்கும். சிதறிக் கிடக்கும் சில வீடுகளுக்காக அந்த அலைச்சலை மேற்கொள்ள ஆளில்லை. தாழத் தொங்கும் கம்பி யானையின் உயிரைப் பறிக்கும் என்ற அச்சமும் நியாயமானது. ஆயினும் அந்தப் பாதுகாப்பின் சுமை சோலிகர், ஜேனு குருபர் போன்ற பழங்குடி மக்களின் தலையில் விழுந்தது.

இந்த நிலையில் 1995இல் ஹரீஷ் ஹண்டே, அமெரிக்கரான நெவில் வில்லியம்ஸுடன் சேர்ந்து செல்கோ என்ற சோலார் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தலைமையகம் பெங்களூர். ஹண்டே ஆய்வு மாணவராக இலங்கையில் மின்சாரமற்ற கிராமத்தில் தங்கியிருந்தவர். சோலார் பேனல் அப்போது புதுமையல்ல. 1989இல் தொடங்கிய டாட்டா பிபி சோலாரும் பெங்களூர் நிறுவனமே. தடையாக நின்றது பணம் கட்டும் முறை. வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணெண்ணெய் வாங்கும் வீட்டால் பல ஆயிரம் ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியாது. செல்கோ கிராமிய வங்கிகளைக் கடன் தரச் சம்மதிக்க வைத்ததும், விளைச்சல் பணம் கைக்கு வரும் காலத்தை ஒட்டித் தவணையை அமைத்ததும், பழுது பார்க்க அருகிலேயே ஆள் வைத்ததும்தான் உண்மையான திருப்பம். 2003இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கனரா வங்கி, சிண்டிகேட் வங்கி ஆகியவற்றோடு சேர்ந்து சோலார் கடனின் வட்டியைக் குறைத்தது. ஹண்டேவுக்கு 2011இல் மகசேசே விருது கிடைத்தது.

கருவி எளியது: பகலில் பேனல் பேட்டரியில் மின்சாரம் ஏற்றும், இரவில் அது சில விளக்குகளை எரிக்கும். காட்டில் இதற்கும் சிக்கல் உண்டு. மர நிழல் பேனலில் விழக்கூடாது. மலைநாட்டு மழைக்காலத்தில் பல நாள் வெயிலே இராது. ஈய அமில பேட்டரிக்கு அவ்வப்போது காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும், சில ஆண்டுகளில் அதை மாற்றவும் வேண்டும்.

சட்டமும் பின்னர் இளகியது. 2006இன் வன உரிமைச் சட்டம், கிராம சபையின் பரிந்துரையோடு, ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தை மின்தடத்துக்கும் மரபுசாரா எரிசக்திக்கும் தர வழிசெய்தது; ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. 2011இல் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமானது. சோலிகரின் சமூக வன உரிமைகள் அங்கே ஏற்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 2017இல் வந்த மத்திய அரசின் சௌபாக்யா திட்டம், கம்பி எட்டாத தொலைதூர வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் பேனலும் பேட்டரியும் ஐந்து எல்இடி விளக்குகளும் ஒரு மின்விசிறியும் தர ஏற்பாடு செய்தது. ஐந்து ஆண்டுப் பராமரிப்பையும் அதில் சேர்த்தது.