குடத்திற்குக் கிடைத்த நேரம்

2024 டிசம்பர் 15ஆம் நாள் தபலா மேதை ஜாகீர் உசேன் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் காலமானார். அந்த வாரத்தில் ஒரு மாலை, புதுவை வைசியாள் வீதியில் மிருதங்கம் கற்பிக்கும் என் பழைய நண்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவரிடம் பயிலும் கல்லூரி மாணவர் இருவரும் கூடத்தில் அமர்ந்திருந்தனர். "இன்று பாடம் இல்லை, கேட்பதுதான் பாடம்" என்று சொல்லி, நண்பர் ஓர் இரட்டை இசைத்தட்டை எடுத்தார். அதன் பெயர் ‘ரிமெம்பர் சக்தி’. 1997 செப்டம்பரில் பிரிட்டனில் நடந்த கச்சேரிகளில் பதிவு செய்யப்பெற்று, 1999இல் வெளிவந்தது.

அதில் வாசித்தவர் யாவரும் தழும்பேறிய விரல்களை உடையவர். புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியாவுக்கு அப்போது வயது 59. கிட்டார் வாசித்த ஜான் மெக்லாஃப்லினுக்கும், கடம் வாசித்த நம் விக்கு விநாயக்ராமுக்கும் 55. நால்வரில் இளையவர் ஜாகீர் உசேன், அவருக்கே 46. பின்னால் ஒரு தம்பூரா. எழுதி வைத்து வாசிக்கும் இசை அன்று இது. ஒருவர் தொடங்குவதை மற்றவர் செவியால் வாங்கி, அந்தக் கணத்தில் மறுமொழி சொல்லும் இசை. அமெரிக்காவில் இதனை ‘ஜாம்’ என்பர். நம் கச்சேரியில் இதற்குரிய இடம் தனியாவர்த்தனம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுக் காலம், தனியாவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வெளியே சென்று காப்பி அருந்தி வந்தவர்களுள் நானும் ஒருவன். மிருதங்கம் முடிந்து கடத்தின் முறை வருகையில் சபையில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். கடம் உபபக்கவாத்தியம், பக்கவாத்தியத்திற்கும் பக்கத்தில் இருப்பது. பாடகருக்கு இரண்டு மணி நேரமென்றால் குடத்திற்கு ஐந்து நிமிஷம். நேரம் குறைந்தால் முதலில் குறைவதும் அந்த ஐந்து நிமிஷந்தான். எதிரில் பாதிச் சபை எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே வாசிப்பவரின் மனம் என்ன பாடுபடும் என்று அந்நாளில் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இசைத்தட்டின் வரலாறும் குடத்திற்குத் துணை நிற்கவில்லை. நிமிஷத்திற்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய தட்டில் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிஷமே ஓடும். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் முடித்தாக வேண்டும். நம் பெரும் வித்துவான்கள் கடலைச் சிமிழில் அடைத்ததுபோல் பாடி வைத்தனர். தனியாவர்த்தனத்திற்கு அங்கே இடமேது? 1948இல் அமெரிக்காவில் நெடுந்தட்டு வந்தது. ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய 20 நிமிஷம் கிடைத்தது. அதுவும் போதாதென்றுதான் மேடைக் கச்சேரிகளை இரண்டு தட்டுகளாக வெளியிடும் வழக்கம் எழுந்தது. கலிபோர்னியாவின் ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவினர் 1969இல் வெளியிட்ட இரட்டைத்தட்டில் ஒரே உருப்படி ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அக்குழுவின் முரசு வாத்தியக்காரரான மிக்கி ஹார்ட், ஜாகீர் உசேனின் தந்தையார் அல்லா ரக்காவிடம் தாளம் கற்றவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் குடம் அந்தக் கடல்களைத் தாண்டியது எப்படி? விநாயக்ராம் 1955இல், பதின்மூன்றாம் வயதில், தூத்துக்குடியில் வி.வி.சடகோபன் கச்சேரியில் அரங்கேறினார். தந்தையார் டி.ஆர்.ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் தாள வாத்தியங்களுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். 1966 அக்டோபரில் எம்.எஸ்.சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் விநாயக்ராமே. எனினும் அங்கும் குடம் பின்வரிசையில்தான் இருந்தது.

மறுபுறத்தில் மெக்லாஃப்லின் வந்த வழியைப் பாருங்கள். அதில் ஒரு கிளை நம் புதுவையைத் தொடுகிறது. இங்கிலாந்தில் பிறந்து, 1969இல் மைல்ஸ் டேவிஸ் என்னும் ஜாஸ் மேதையுடன் நியூயார்க்கில் வாசித்தவர் அவர். அடுத்த ஆண்டில் அந்நகரில் சின்மய் என்னும் வங்காளத் துறவியை அடைந்தார். அந்தச் சின்மய் 1944 முதல் 1964 வரை இருபதாண்டுகள் வாழ்ந்தது இந்தப் புதுவையில், அரவிந்தர் ஆசிரமத்தில். மெக்லாஃப்லின் பின்னர் அவரைவிட்டு விலகினார். நம் இசைமீது கொண்ட பற்று விலகவில்லை. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் அவர் வீணை பயின்றார். ஆம், சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து பட்டம் பெற்ற அந்த ராமநாதன்தான். வீணையின் கமகத்தைக் கிட்டாரில் கொண்டுவர வேண்டி, அதன் விரற்பலகையை மெட்டுகளுக்கிடையே குழிவாகக் குடைந்தெடுத்த ஒரு கருவியைச் செய்வித்துக்கொண்டார். மேல்நாட்டார் ஒருவர் இந்திய இசையைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவோர் உண்டு. மாணவனாக வந்து தரையில் அமர்ந்தார் என்று எழுதுவதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

1975 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் ‘சக்தி’ குழு வாசித்தது. வயலின் எல்.சங்கர், மிருதங்கம் ராம்நாட் ராகவன், தபலா ஜாகீர் உசேன், கடம் விநாயக்ராம். அது அடுத்த ஆண்டே தட்டாக வெளிவந்தது. அதில் ஓர் உருப்படி 18 நிமிஷம், மற்றொன்று 29 நிமிஷம். இடையே ‘லோட்டஸ் ஃபீட்’, அதாவது தாமரைப் பாதம் என்னும் சிறு மெட்டு, ஐந்து நிமிஷத்திற்கும் குறைவு. இந்தக் குழுவில் உபபக்கவாத்தியம் என்று ஒன்றில்லை. எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர்.

அந்தத் தாமரைப் பாதம் 1997ஆம் ஆண்டுத் தட்டிலும் வருகிறது. நண்பர் முதலில் பழையதை ஒலிக்கச் செய்து, பிறகு புதியதை வைத்தார். அதே மெட்டு, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ஏழு நிமிஷமாக நீண்டிருக்கிறது. இளமையில் ஓடிக் கடந்த தெருவை முதுமையில் வீடுவீடாகப் பார்த்து நடப்பது போன்ற நடை. கிட்டாரின் மின்னல் வேகம் சில இடங்களில் என்னைச் சோர்வுறச் செய்வதுண்டு. இங்கே அந்த வேகம் இல்லை.

இரண்டாம் தட்டில் ‘முக்தி’ என்றோர் உருப்படி. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக ஓடுவது. 1982இல் வந்த குறுந்தட்டில் 74 நிமிஷம் அடங்கும். ஆதலால் அதை வெட்டாமல் வைக்க முடிந்தது. நெடுந்தட்டாயின் இரண்டு மூன்று முறை எழுந்து திருப்பிப் போட வேண்டியிருக்கும். தபலாவும் கடமும் தமக்குள் பேசத் தொடங்கியதும் நண்பர் மாணவர்களைத் தாளம் போடச் சொன்னார். நான் வழக்கப்படி எழ முயன்றேன். "உட்காருங்கள் ஐயா, காப்பி இங்கேயே வரும்" என்றார்.

உட்கார்ந்தேன். குடத்தில் தோல் இல்லை. முடுக்கிச் சுருதி சேர்க்கும் கட்டை இல்லை. வேறு சுருதி வேண்டுமானால் வேறு குடம் எடுக்க வேண்டும். வைகைக் கரை மானாமதுரையில் மண்ணைப் பிசைந்து, தட்டித் தட்டிச் சமன் செய்து, சுட்டெடுத்த வெறும் பானை. கழுத்தில் தட்டினால் வெள்ளி ஒலி. நடுவில் கனத்த ஒலி. வாயை வயிற்றோடு அழுத்தி விடுவித்தால் ஆழ்ந்த கும்காரம். ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் சற்றே மாற்றித் திருப்பித் தருகிறார். நம் மேடையில் இதனைக் குறைப்பு என்போம்: முழு ஆவர்த்தனமாகத் தொடங்கி, அரையாகி, காலாகி, விரல்நுனி அளவாகச் சுருங்கி, இறுதியில் இருவரும் ஒன்றாகக் கோர்வையில் சேர்வது. காசு கொடுத்து வாங்கிய சீட்டோடு நான் சபையில் தவறவிட்டது இதைத்தான்.

"ஐயா, இதைக் கலப்பிசை என்கிறார்களே?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"கணக்கில் என்ன கலப்பு கண்டாய்? நேற்று உனக்குச் சொல்லிக்கொடுத்த மோராவை நினைத்துப் பார்" என்றார் நண்பர்.

மிக்கி ஹார்ட், விநாயக்ராம், ஜாகீர் உசேன் முதலியோர் சேர்ந்து 1991இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ கிராமி விருது பெற்றது. 2023இல் ‘சக்தி’ குழு வெளியிட்ட தட்டிற்கும் மறு ஆண்டில் அவ்விருது வந்தது. அதில் கஞ்சிரா வாசித்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். மானாமதுரை மண்பாண்டத்திற்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தட்டு ஓய்ந்தது. பிரிட்டன் சபையின் கைத்தட்டல் நின்றபின் தெருவின் ஒலிகள் மெல்லத் திரும்பின. என் எதிரில் காப்பி ஆறிப்போயிருந்தது. கேள்வி கேட்ட மாணவன் தொடையில் வைத்த கையை எடுக்காமல், "ஐயா, அந்தக் குறைப்பு மட்டும் இன்னொரு முறை" என்றான். மணி ஒன்பதாகிவிட்டது. நண்பர் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.