கருவுற்ற தாயும் மனச்சோர்வு மாத்திரையும்

கொடுமுடிப் பக்கத்துக் கிராமங்களில் வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் பெண்ணின் பையில் இரும்புச்சத்து மாத்திரை எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும். மனச்சோர்வுக்கான மாத்திரையோ சேலை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். "வவுத்துல புள்ளய வெச்சுக்கிட்டு இதையெல்லாம் எதுக்கு கண்ணு முழுங்கோணும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். செபம் போதும் என்போரும் நம்மிடையே உண்டு. அவளும் மருத்துவரிடம் சொல்லாமலே நிறுத்திவிடுகிறாள்.

பெரியவர்களின் அச்சம் வெறும் கற்பனை அன்று. இம்மருந்துகள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைகின்றன. கடைசி மாதங்களில் செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின் போன்றவற்றை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிக்கத் திணறல் ஆகியவை தோன்றலாம். பெரும்பாலும் சில நாள்களிலோ இரண்டு வாரங்களிலோ இவை தாமே மறையும். பராக்ஸெட்டின் குழந்தையின் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இல் எச்சரித்தது. நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் குறையாமல் குழந்தை மூச்சுத் திணறும் நோய் அரிதானது. ஏறத்தாழ 38 இலட்சம் கருவுறுதல்களை ஆராய்ந்து 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்து உட்கொள்ளாதோரின் 10,000 குழந்தைகளில் சுமார் 21 பேருக்கும், உட்கொண்டோரிடம் சுமார் 32 பேருக்கும் இந்நோய் இருந்தது. அந்த வேறுபாட்டிலும் ஒரு பகுதி தாயின் நோயாலும் பிற காரணங்களாலும் வந்ததே.

நிறுத்தினால் என்ன நேரும் என்பதை நாம் கேட்பதில்லை. 2006இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், கருவுற்றபோது மாத்திரையை நிறுத்திய பெண்களில் 68 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கே திரும்பியது. சோர்வுற்ற தாய் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை, பரிசோதனைக்கும் செல்வதில்லை. குறைமாதப் பிறப்புக்கும், சில வேளைகளில் தற்கொலைக்கும் அது இட்டுச்செல்கிறது.

இது மேல்நாட்டு நோய் என்று எண்ண வேண்டாம். வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், பேறுகாலத்துக்குப்பின் 11 விழுக்காட்டுத் தாய்மாருக்குப் புதிதாக மனச்சோர்வு கண்டறியப்பட்டது. வறுமை, மாமியாருடன் மனக்கசப்பு, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது ஆகியவை அங்குக் காணப்பட்ட காரணங்கள். இவற்றில் எது நம் வீடுகளில் இல்லை?

ஆகவே, மாத்திரை உட்கொள்ளும் பெண் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்வது நல்லது. தேவையானால் அவர் மருந்தை மாற்றுவார், அல்லது அளவைப் படிப்படியாகக் குறைப்பார். நோய் கடுமையாக இல்லையெனில் ஆலோசனைச் சிகிச்சை மட்டுமே போதுமானதாகவும் இருக்கலாம். பிரசவம் பார்ப்பவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டால், பிறந்த குழந்தையை முதல் சில நாள்கள் கூர்ந்து கவனிப்பார்கள். செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால், அதன் பொருட்டுப் பாலூட்டலை நிறுத்தத் தேவையில்லை. ஈரோடு வரை உடனே செல்ல இயலாதவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.