பதில் சொல்லி வளர்ந்த கவிதை: மராத்தி தலித் கவிஞர்களின் கதை

போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில், கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை தான் எழுதிய கவிதையை வாசித்தாள். முடித்ததும் பலத்த கைதட்டல். "செம", "தீ" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டோம். கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்: "நடுவுல ஒரு பகுதி எனக்கே ஒட்டலண்ணா. யாராவது சொல்வீங்கன்னு பாத்தேன். யாருமே ஒண்ணும் சொல்லலையே?" என்னிடம் பதில் இல்லை. நானும் கைதட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவன்தான்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தலித் இலக்கிய வரலாறு என்றால் நாம் பெயர்களை அடுக்குகிறோம். நாம்தேவ் தசால், தயா பவார், பாபுராவ் பாகுல். ஏதோ ஒவ்வொருவரும் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதி, ஒரு நாள் திடீரென்று வெளிப்பட்டதைப்போல. நடந்தது அப்படி இல்லை. மகாராஷ்டிரத்தில் எழுதிப் பிழைக்காத, யாப்பு படிக்காத ஆட்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்தார்கள், கேட்டார்கள், மறுத்தார்கள், பதிலுக்கு எழுதினார்கள். பள்ளிக்கூடம் கொடுக்காததை அந்தப் பதில்கள் கொடுத்தன.

தொடக்கம் ஒரு குடும்பத்தில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகர் சாதிக் கவிஞர் சோகாமேளா. அவர் மனைவி சோயராபாய், மகன் கர்மமேளா, தங்கை நிர்மலா, நிர்மலாவின் கணவர் பங்கா என்று அந்த வீட்டில் எல்லோர் பேரிலும் அபங்கப் பாடல்கள் இருக்கின்றன. ஊருக்கு வெளியே செத்த மாட்டை இழுத்துப் பிழைத்த ஒரு வீடு, ஆளுக்கு ஆள் பாடல் கட்டிக்கொண்டிருந்தது! அதுவும் ஒரே பாட்டை இல்லை. சோகாமேளா விட்டலனிடம் உருகுகிறார், சில இடங்களில் தன் பிறப்பை முன்வினை என்று ஏற்றுக்கொள்கிறார். மகன் கர்மமேளாவுக்கு அந்த ஏற்பு பிடிக்கவில்லை. எச்சில் சோறுதானே எங்களுக்குக் கொடுத்தாய், உனக்கு வெட்கமில்லையா என்ற தொனியில் சாமியையே கேட்கிறார். பிள்ளை பெறும் நேரத்தில் மனைவியிடம் சொல்லாமல் தன் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்ட அண்ணனை நிர்மலா கண்டிப்பதும் பாடலாகவே இருக்கிறது. அண்ணன் பெரிய பக்தர் என்று அவள் விட்டுவிடவில்லை.

சோகாமேளா 1338இல் மங்கள்வேடாவில் மதில் வேலை செய்யும்போது சுவர் இடிந்து செத்தார். அவர் வாசலில் நின்று பாடிய பண்டரிபுரம் கோயிலுக்குள் அவர் மக்கள் நுழைய 1947 வரை, சானே குருஜி உண்ணாவிரதம் இருக்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பாபாசாகேப் 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நம் ஆதனூர் நந்தன் அந்த வரிசையில் முதலில் நிற்கிறார். ஆனால் 1956இல் பௌத்தம் தழுவிய தலைமுறை, உருகிப் பாடிய சோகாமேளாவை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. முன்வினை என்ற வார்த்தையை அது தள்ளியது. மகன் அன்று தொடங்கிய மறுப்பைக் கிட்டத்தட்ட 600 ஆண்டுகள் கழித்து ஒரு சமூகமே முடித்துவைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இடையில் ஜல்சா வந்தது. தமாஷா என்ற மராத்திக் கூத்தின் வடிவத்தை முதலில் ஜோதிபா புலேயின் சத்யசோதகர்கள் எடுத்தார்கள். 1930களில் நாசிக் பக்கம் பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் அதை அம்பேத்கரிய ஜல்சாவாக மாற்றினார்கள். கூத்தின் தொடக்கத்தில் வரும் கணபதி துதி போயிற்று. கண்ணன் கோபியரைச் சீண்டும் பகுதி போய், அந்த இடத்தில் கல்வி, மூடநம்பிக்கை, குடி பற்றிய உரையாடல் வந்தது. கர்டக்கின் ஒரு ஜல்சா தன்னுடைய பத்துக் கூட்டங்களுக்குச் சமம் என்று பாபாசாகேப் சொன்னதாக அங்கே இன்றும் சொல்வார்கள்.

இதில் நமக்கு முக்கியம் சவால்–ஜவாப். ஒருவர் பாட்டிலேயே கேள்வி போடுவார், எதிரணி அங்கேயே பாட்டிலேயே பதில் கட்ட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மராட்டியர் ஆட்சியோடு வந்த லாவணிதான் அது. காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம் உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்களே, அதே முறை. இன்று 'லாவணி பாடாதே' என்றால் வீண் சண்டை போடாதே என்று பொருள். பாவம், ஒரு நல்ல பயிற்சிக்கூடத்தின் பெயர் வசவாகிவிட்டது.

அந்த மேடையில் வளர்ந்தவர்தான் வாமன்தாதா கர்டக். 1922இல் நாசிக் மாவட்டத்தில் பிறந்தவர். மும்பையில் ஆலைத் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் யாரோ ஒருவர் தன் கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கொடுக்க, படிக்க முடியாமல் அழுதிருக்கிறார். அதற்குப் பிறகு வளர்ந்த ஆளாக எழுத்துக் கற்றுக்கொண்டு, கடைப் பலகைகளைப் படித்துப் பழகினார். 2004இல் இறக்கும்வரை ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதினார். அவர் பாட்டுகளை ஊர் ஊராகப் பாடகர்கள் எடுத்துப் பாடினார்கள். பாட்டு ஒட்டியதா ஒட்டவில்லையா என்பது எதிரே தரையில் உட்கார்ந்திருந்த சனத்தின் முகத்தில் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்து கல்லூரிகள். பாபாசாகேப் 1945இல் தொடங்கிய மக்கள் கல்விக் கழகம் 1946இல் மும்பையில் சித்தார்த் கல்லூரியையும் 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் திறந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள். 1958 மார்ச்சில் மும்பையில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் அண்ணாபாவ் சாட்டே. பள்ளிக்கூடத்தில் ஒன்றரை நாள் மட்டுமே இருந்தவர் என்று சொல்லப்படும் மாங் சாதிக்காரர், கம்யூனிஸ்ட், 'ஃபகீரா' நாவல் எழுதியவர். இந்த உலகம் ஆதிசேஷன் தலையில் இல்லை, தலித்துகளின், உழைப்பவர்களின் கையில் நிற்கிறது என்ற பொருளில் அவர் அன்று பேசியதை இன்றும் அங்கே மேடைதோறும் எடுத்துச் சொல்கிறார்கள்.

ஆனால் எழுதியதை எங்கே போடுவது? 'சத்யகதா' போன்ற மதிப்புள்ள இலக்கிய மாத இதழ்களின் ரசனை வேறு. அந்த இடைவெளியை நிரப்பியவர் பேராசிரியர் கங்காதர் பாந்தாவணே. ஔரங்காபாத்தில் 1960களின் கடைசியில் தொடங்கிய அவருடைய 'அஸ்மிதாதர்ஷ்' காலாண்டிதழ் சுமார் அரை நூற்றாண்டு வந்தது. பாந்தாவணே 2018இல் இறந்தார். முதல் கவிதையை அந்த இதழில் அச்சில் பார்த்த தலித் எழுத்தாளர்கள் ஏராளம். இதழோடு நிற்காமல் 'எழுத்தாளர்–வாசகர் மேளா' என்று கூட்டமும் நடத்தினார்கள். அந்தப் பெயரைக் கவனியுங்கள். எழுத்தாளர் மாநாடு இல்லை. எழுதியவரும் படித்தவரும் எதிரெதிரே உட்காரும் இடம்.

மும்பையில் கதை இன்னும் சூடு. வடாலாவில் சித்தார்த் விஹார் என்ற மாணவர் விடுதி. ராஜா டாலே உட்பட ஒரு கூட்டமே அங்கே கிடையாகக் கிடந்தது. தாதரின் இரானி தேநீர்க் கடைகள் இன்னொரு இடம். தசால் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜெ.வி. பவார் வங்கி ஊழியர். தயா பவாருக்கு ரயில்வேயில் வேலை. 1963இல் தன் சிறுகதைத் தொகுப்பால் மராத்தி உலகை உலுக்கிய பாகுல் இவர்களுக்கு மூத்தவர். சைக்ளோஸ்டைல் தாளில் சிற்றிதழ் போடுவது, கையில் கொடுப்பது, படித்தவன் வந்து சண்டைக்கு நிற்பது என்று நாட்கள் போயின. டாலே யாரையும் விட்டுவைக்காத விமர்சகர். அந்தச் சூட்டில் ஒரு வரி தாங்கியது என்றால் அதற்குப் பிறகு எங்கேயும் தாங்கும்.

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். தீண்டாமை பற்றி ஆராய 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவின் தலைவர் எல். இளையபெருமாள், நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர். நாடு முழுக்கச் சுற்றி 1969இல் அவர் கொடுத்த அறிக்கை, எத்தனை கொலை, எத்தனை வன்கொடுமை என்று காகிதத்தில் வைத்தது. விடுதியில் இருந்த கவிஞர்களுக்கு அந்த அறிக்கை பெரிய அதிர்ச்சி. 1972 மே மாதம் பர்பானி மாவட்டத்தில் பிராமண்காவ் என்ற ஊரில் கிணற்றுத் தண்ணீருக்காக இரண்டு தலித் பெண்களை நிர்வாணமாக்கி அடித்தார்கள். இதற்குமேல் கவிதை மட்டும் போதாது என்று பவாரும் தசாலும் பேசிக்கொண்டதில் பிறந்ததுதான் 'தலித் பேந்தர்'. அதன் அலை 1980களில் மதுரை வழக்கறிஞர் மலைச்சாமி வழியாக இங்கே வந்து, பிறகு விடுதலைச் சிறுத்தைகள் ஆனது உங்களுக்குத் தெரியும். சிறுத்தை என்ற அந்தப் பெயருக்குப் பின்னால் தேநீர்க் கடையில் கவிதை படித்துச் சண்டைபோட்ட இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

அதே 1972 ஆகஸ்ட் 15 அன்று 'சாதனா' இதழில் டாலே ஒரு கட்டுரை எழுதினார். தலித் பெண்ணை மானபங்கம் செய்தால் 50 ரூபாய் அபராதம், தேசியக் கொடியை அவமதித்தால் 300 ரூபாய், இது என்ன கணக்கு என்று கேட்டார். மகாராஷ்டிரமே கொதித்தது. அதே ஆண்டு தசாலின் 'கோல்பிட்டா' தொகுப்பு வந்தது. முன்னுரை எழுத ஒப்புக்கொண்ட நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கருக்கு அதிலிருந்த காமாட்டிபுரத்துச் சொற்கள் பல புரியவில்லை. தசாலிடமே பொருள் கேட்டார், அவரோடு அந்தத் தெருக்களில் நடந்தார். புகழ்பெற்ற ஒருவர், தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று இருபத்து மூன்று வயது டாக்சிக்காரரிடம் ஒப்புக்கொண்டது எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி.

இதில் எல்லாமே அழகாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1973இல் வந்த அறிக்கையில் தலித் என்ற சொல்லுக்குள் உழைப்பவர், நிலமற்றவர், பெண்கள் எல்லோரையும் சேர்த்தார்கள். அது மார்க்சியம் என்றார் டாலே. 1974 ஜனவரியில் மும்பை ஊர்வலத்தில் மேலிருந்து விழுந்த கல்லுக்கு பாகவத் ஜாதவ் பலியான அந்த ஆண்டே இயக்கம் பிளந்தது. விடுதியில் கவிதைக்குச் சொன்ன பதில், இயக்கத்துக்குள் நுழைந்தபோது ஆளை வெளியேற்றும் தீர்ப்பாக மாறியிருந்தது. 1977இல் கலைத்தே விட்டார்கள். ஒரு வரியை மறுப்பதற்கும் ஒரு ஆளை மறுப்பதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றும் தெளிவாகச் சொல்லத் தெரியாது. நம் அமைப்புகளிலும் அதை நிறையப் பார்த்தாயிற்று.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இரானிக் கடையில் பெண் யாரும் இல்லை. அந்த நேரத்துக்கு விடுதியில் பெண் இருந்திருக்கவும் முடியாது. ஹீரா பன்சோடே, ஜோதி லாஞ்சேவார் போன்றவர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அந்தச் சண்டையும் திருத்தமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தசாலின் மனைவி மல்லிகா அமர் ஷேக், கவிஞர், மக்கள் பாடகர் அமர் ஷேக்கின் மகள். புரட்சிக் கவிஞனோடு வாழ்ந்த வாழ்க்கை என்ன விலை கேட்டது என்பதை 1984இல் தன்வரலாறாக எழுதினார். நிர்மலா அண்ணனுக்குச் சொன்னதைவிடக் கடுமையான பதில் அது. ஊர்மிளா பவாரும் மீனாக்ஷி மூனும் அம்பேத்கர் இயக்கத்தில் உழைத்த பெண்களைத் தேடிப்போய்ப் பேசி, அவர்கள் கதைகளை 1989இல் நூலாக்கினார்கள். ஊர்மிளா அலுவலகம் முடிந்து, சமையல் முடிந்து எழுதியவர். தன் படிப்பும் எழுத்தும் வீட்டில் என்ன பாடு பட்டன என்பதை 'ஆய்தான்' நூலில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 1980களில் தலித் பெண் எழுத்தாளர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு மன்றமும் வைத்தார்கள். அதன் பெயர் 'சம்வாதினி'. சம்வாதம் என்றால் உரையாடல்.

அடுத்த வட்டத்தில் அந்தத் தங்கையின் கவிதையைத்தான் முதலில் எடுக்கிறோம். நகல் எடுத்து எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்தாயிற்று. அவள் சொன்ன அந்த நடுப்பகுதியை நான் நாலு முறை படித்துவிட்டேன். ஒட்டாதது அந்தப் பகுதி இல்லை, அதற்கு முந்தின பகுதியின் கடைசி இரண்டு வரி என்று நினைக்கிறேன். அவள் ஒத்துக்கொள்வாளா தெரியாது. வருகிறவர்கள் பென்சிலோடு வாருங்கள்.