கூச்சம் போக்கிய விளையாட்டுகள்

இளைஞர் கழகமொன்றின் முதற் கூட்டம் எத்தகையது என்பதைப் பலரும் அறிவர். முன்பே பழகியவர்கள் கூடிக் கூடிப் பேசுவர். புதிதாய் வந்தவன் கதவருகே நின்றுவிடுவான். இக் கூச்சத்தைப் போக்குதற்பொருட்டுக் கூட்டத் தொடக்கத்தில் ஆடப்பெறும் சிறு விளையாட்டுகள் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளன. அவற்றுட் சிலவற்றின் வரலாற்றை ஆராயப் புகின், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வறியோர் வாழ்ந்த பகுதியொன்றுக்கு நாம் செல்லவேண்டும்.

1889 ஆம் ஆண்டில் ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் என்னும் பெண்மணிகள் இருவர் அங்குள்ள பழைய மாளிகையொன்றிற் குடிபுகுந்து சமூகப் பணி தொடங்கினர். ஹல் இல்லம் எனப் பெயர் பெற்ற அந்நிலையத்தைச் சூழ இத்தாலியர், கிரேக்கர், உருசிய யூதர் எனப் பல நாட்டாரும் நெருங்கி வாழ்ந்தனர். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காது. பெற்றோர் தொழிற்சாலைகளில் உழல, பிள்ளைகள் தெருவிலே வளர்ந்தனர். குற்றம் புரிந்து பிடிபட்டோரும் உளர். அமெரிக்காவின் முதலாவது சிறுவர் நீதிமன்றம் 1899 இல் அந்நகரிலேயே நிறுவப்பெற்றது. அதற்காக உழைத்தோருள் ஹல் இல்லத்தாரும் அடங்குவர். ஆயினும் நீதிமன்றம் குற்றம் நிகழ்ந்த பின்னரன்றோ வருவது? இளைஞரின் உழைப்பைப் பயன்கொள்ளத் தெரிந்த நகரம் அவர்தம் விளையாட்டு வேட்கைக்கு வழிசெய்யத் தவறியது என்பதை அடம்ஸ் அம்மையார் 1909 இல் வெளியிட்ட நூலொன்றில் வற்புறுத்தினார்.

அவ்வழியைச் செய்தவருள் ஒருவர் நீவா போய்ட். 1920களில் அவ்வில்லத்திலே சமூகப் பணியாளர்க்கு விளையாட்டு நடத்தும் முறையைப் பயிற்றும் பள்ளியொன்றை அவர் நடத்தினார். பல நாட்டு மக்களின் பழைய விளையாட்டுகளையும் ஆடல்களையும் தேடித் தொகுத்தார். மேலிருந்து சுமத்தப்படும் விதிக்குப் பணிய மறுக்கும் பிள்ளை, விளையாட்டின் விதியைத் தானே விரும்பி ஏற்கின்றது. இதுவே அவர் கண்ட உண்மை.

அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின், 1930களின் இறுதியில், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோர்க்கு அரசாங்கம் வகுத்த திட்டத்தின் கீழ், சிக்காகோவில் நாடகப் பயிற்சி அளித்தார். வந்தவரோ பல மொழியினர், பல வயதினர். அவர்களிடம் விரிவுரை எடுபடாது. ஆதலின் ஒவ்வொரு பாடத்தையும் அவர் ஒரு விளையாட்டாக ஆக்கினார்.

அவற்றுள் ஒன்றைக் காண்போம். எல்லோரும் வட்டமாக நிற்பர். ஒருவன் வெளியே அனுப்பப்படுவான். உள்ளிருப்போருள் ஒருவனைத் தலைவனாக வைத்து, அவன் கையை அசைத்தால் அனைவரும் அசைப்பர். தலையை ஆட்டினால் அனைவரும் ஆட்டுவர். வெளியே சென்றவன் வந்து, அசைவு யாரிடமிருந்து புறப்படுகின்றது எனக் கண்டுபிடித்தல் வேண்டும். மற்றொன்றில், இருவர் எதிரெதிர் நின்று ஒருவரையொருவர் உற்று நோக்குவர். பின்னர்ப் புறம் திரும்பித் தத்தம் தோற்றத்தில் மூன்று மாற்றங்கள் செய்வர். பொத்தானைக் கழற்றலாம், தலைமயிரை மாற்றி வாரலாம். திரும்பியதும் மற்றவர் செய்த மாற்றங்களைச் சொல்லுதல் வேண்டும். இவற்றிற்கு மொழி மிகுதியும் வேண்டுவதில்லை. கிரேக்கச் சிறுவனும் இத்தாலியச் சிறுமியும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க, அவ்விளையாட்டு ஒரு காரணம் கொடுத்தது. பிறர் தன்னைப் பார்க்கின்றனரே என்ற அச்சமும் அதற்கிடையில் மறைந்துபோகும்.

புதியவனை நடுவே நிறுத்திப் பெயரும் ஊரும் கேட்டு நகைப்பதையும் சிலர் இவ்வகை விளையாட்டென எண்ணுகின்றனர். அது விசாரணையே, விளையாட்டு அன்று. ஸ்போலின் அம்மையாரோ பாராட்டைக்கூட ஐயத்துடன் நோக்கினார். பாராட்டுக்கும் பழிப்புக்கும் கட்டுண்டவன் இயல்பாக இயங்கமாட்டான் என்பது அவர் கொள்கை.

அவருடைய முறைகள் 1963 இல் நூலாக வெளிவந்தன. நாடக அரங்குக்கென எழுதிய அந்நூல் நாளடைவில் பள்ளிகளுக்கும் இளைஞர் முகாம்களுக்கும் சென்றது. நீவா போய்ட் அதே ஆண்டிற் காலமானார். இலினோய் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகத்துக்காக ஹல் இல்லத்துக் கட்டடங்களுட் பெரும்பாலானவை இடிக்கப்பட்டதும் அக்காலத்திலேயே. சூழ இருந்த மக்கள் பலரும் வீடு பெயர்ந்தனர். முதலில் இரு பெண்மணிகள் குடிபுகுந்த மாளிகை மட்டும், பழைய உணவு மண்டபத்துடன், அரும்பொருட்சாலையாக எஞ்சி நிற்கின்றது.