மஞ்சள் மாத்திரை போன பாதை

குளோர்பெனிரமின் என்றால் எங்கள் ஊரான ஈஜோக்கில் யாருக்கும் புரியாது. "சளிக்குப் போடுற மஞ்ச மாத்திர" என்றால் எல்லாருக்கும் தெரியும். 4 மில்லிகிராம், உளுந்தை விடக் கொஞ்சம் பெரிது. பால்மரத் தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்த பிறகும், எங்கள் வீட்டு மைலோ டின்னுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் அது எப்போதும் கிடக்கும்.

அதன் வம்சம் பாரிஸில் தொடங்குகிறது. ஒவ்வாமையைத் தூண்டும் ஹிஸ்டமினை அடக்கும் முதல் மருந்துகளை 1937-இல் அங்கே பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே தேடினார். 1957-இல் நோபல் பரிசு வாங்கினார். அவர் திறந்துவிட்ட வழியில் 1940களின் கடைசியில் பிறந்ததுதான் இந்த மஞ்சள் மாத்திரை. மூக்கொழுகலை நிறுத்துவது, அரிப்பை அடக்குவது, தூங்க வைப்பது என்று மூன்று வேலை பார்க்கும். நான்காவது ஒன்றும் உண்டு. அதை உறையில் யாரும் எழுதுவதில்லை.

பாட்டிக்கு அப்போது 81 வயது. சளி பிடித்ததும் நாங்களே மூன்று வேளையும் கொடுத்தோம். இளையவர் உடம்பிலேயே இம்மருந்தில் பாதி வெளியேறச் சுமார் 20 மணி நேரம் ஆகும். முதியவர்களுக்கு இன்னும் இழுக்கும். முந்தியது போவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பெரட்டுக்கு நேரமாச்சு, என் வாளி எங்கடி?" என்று அம்மாவை அதட்டினார். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் பெயர் கூப்பிடுவது. ஈஜோக் என்றதும் ஊரார் சொல்வது 2007 இடைத்தேர்தல்; பாட்டிக்கு அது எப்போதோ மறந்துபோயிருந்தது. பால்மரக் காட்டின் விடியல் மட்டும் அப்படியே இருந்தது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் போர்வையின் ஓரத்தைக் கிள்ளி, இழுத்து, சுருட்டி, மறுபடி கிள்ளின. "ஒட்டுப்பால் உரிக்கிறாங்கடா" என்றார் அம்மா. அவருக்குத்தான் அது தெரிந்தது. நாக்கு அட்டையாகக் காய்ந்திருந்தது. கண்மணிகள் பெரிதாகத் திறந்திருந்தன. பகல் முழுக்கச் சிறுநீரும் போகவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டச் சொன்னார். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, கட்டினோம்.

உள்ளே நடந்ததைப் பெரட்டை வைத்தே சொல்லலாம். தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுகிறார். வேறொருவன் "வந்துட்டேன்" என்று அந்த இடத்தில் போய் நிற்கிறான். நிற்பான், கத்தியைத் தொட மாட்டான். உண்மையான ஆள் வந்தாலும் நிற்க இடமில்லை. மூளையில் அந்த உண்மையான ஆளின் பெயர் அசிட்டைல்கோலின். கவனத்தையும் நினைவையும் கட்டிப்பிடித்து வைக்கும் ரசாயனம். ஓட்டோ லோவி 1921-இல் தவளை இதயங்களை வைத்து நரம்பு ரசாயனத்தின் மூலம் பேசுவதைக் காட்டினார்; அந்த ரசாயனம் இதுதான். அவரோடு 1936 நோபலைப் பகிர்ந்த ஹென்றி டேல், அதற்கு முன்பே ஹிஸ்டமினையும் ஆராய்ந்தவர். அவர் ஆராய்ந்த ஒன்றை அடக்கப் பிறந்த மாத்திரை, மற்றொன்றின் இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதே வேலையை ஊமத்தை பன்மடங்கு மூர்க்கமாகச் செய்யும். அதிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபொலமினும் அடைப்பதும் அசிட்டைல்கோலினின் இடத்தைத்தான். உன்மத்தம் என்ற சொல்லோடு உறவுள்ள பெயர் அதற்கு. மலாய்க்காரர்கள் கெச்சுபோங் என்பார்கள். கிளந்தானில் பணியாற்றிய மருத்துவர் ஜான் கிம்லெட், 1915-இல் வெளியிட்ட மலாய் நஞ்சுகள் பற்றிய நூலில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். காய்ந்த நாக்கு, விரிந்த கண்மணி, இல்லாததைப் பிடிக்கும் விரல்கள்: பாட்டியிடம் நாங்கள் கண்டவை எல்லாம் ஊமத்தை தின்றவர்களிடமும் உண்டு.

கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டது ஒன்றே: "வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் பையில போட்டுக் கொண்டு வாங்கம்மா." மஞ்சளை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளென்று அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் தொடங்கிய பட்டியலில் இந்த வகையும் இருக்கிறது.

நிறுத்திய நான்காம் நாள் பாட்டி வரக்காப்பி கேட்டார். பெயர்கள் சரியாக வந்தன, ஆனால் எல்லாம் வரவில்லை. அதே குளோர்பெனிரமின் எனக்கு வெறும் தூக்கம்தான் தரும். அவருக்கு ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பதில் பிறகு கிடைத்தது: மறதிநோய் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அல்சைமரில் அசிட்டைல்கோலினை உண்டாக்கும் நொதி மிகவும் குறைந்திருப்பதை 1976-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மூளையின் அடிப்பகுதியில், மெய்னெர்ட் பெயரால் அழைக்கப்படும் நரம்புக் கருவில், அசிட்டைல்கோலினை அனுப்பும் செல்களே மடிந்துபோகின்றன. மஞ்சள் மாத்திரை வேலைக்காரனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மறதிநோயில் வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயமே காலியாகிறது. ஏற்கெனவே பாதி காலியான லயத்தில்தான் அந்தப் போலி ஆள் வந்து நின்றிருக்கிறான்.

அடுத்த மாதம் டொனபெசில் எழுதிக் கொடுத்தார்கள். இருக்கிற கொஞ்ச அசிட்டைல்கோலினையும் சீக்கிரம் சிதையவிடாமல் காப்பது அதன் வேலை. இனி சளிக்கு அந்த மஞ்சளையும் சேர்த்துக் கொடுத்தால், ஒரு கையால் ஊற்றி மறு கையால் கவிழ்ப்பது போல.

உறையில் பதினொன்று மிச்சமிருந்தன. அம்மா அவற்றை எறியவில்லை. மார்க்கரால் "பாட்டிக்கு வேணாம்" என்று எழுதி, மைலோ டின்னுக்குள்ளேயே திரும்ப வைத்தார்.