களத்தில் பிடித்த குரல்

இந்தியப் பேசும்படம் பிறந்ததே லைவ் சவுண்டில்தான், அதாவது படப்பிடிப்புக் களத்திலேயே குரலைப் பதிவு செய்யும் முறையில்தான். 1931-இல் அர்தேஷிர் இரானி ‘ஆலம் ஆரா’வை எடுத்தபோது ஸ்டுடியோவுக்கு அருகிலேயே ரயில் தண்டவாளம். வண்டிகள் ஓய்ந்த நள்ளிரவுக்கு மேல்தான் பெரும்பாலான காட்சிகளைப் படமாக்கினார்கள். மைக்கை நடிகர்களுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தார்கள். பிறகு வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியது, இரைச்சல் போடும் கேமராக்கள் வந்தன. அந்தப் பாடே வேண்டாமென்று டப்பிங் அறைக்குப் போய்விட்டோம். களத்தில் பதிவானது, டப்பிங் பேசுபவருக்கு வழிகாட்டும் பைலட் டிராக் என்ற அளவில் நின்றுபோனது.

ஒலிப்பதிவாளர் ரசூல் பூக்குட்டியின் தொழில் வாழ்க்கையை இந்தப் பின்னணியில் வைத்தே எடைபோட வேண்டும். கொல்லம் மாவட்டத்து விளக்குப்பாறையில் பிறந்தவர். 1995-இல் புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்து முடித்து மும்பைக்குப் போனார். ‘ஹே ராம்’ (2000), ‘லகான்’ (2001) போன்ற படங்கள் வழியே லைவ் சவுண்ட் பெரிய படங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. 2005-இல் ‘பிளாக்’ அவரைக் கவனிக்க வைத்தது.

களத்து ஒலிப்பதிவாளரின் வேலை படம் பார்ப்பவருக்குத் தெரியாது. மைக் தொங்கும் பூம் கம்பு பிரேமுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆனால் நடிகரின் வாயை விட்டு விலகவும் கூடாது. புடவை மடிப்புக்குள் வைத்த லேப்பல் மைக்கில் கஞ்சி போட்ட துணி உரசினால் அந்த டேக் பாழ். மின்விசிறியை நிறுத்தச் சொல்ல வேண்டும், ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். காட்சி முடிந்ததும் எல்லோரையும் அப்படியே நிற்க வைத்து, யாரும் பேசாத அந்த அறையின் ஒலியை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்வார்கள். ரூம் டோன் என்பார்கள். அது கையில் இல்லாவிட்டால், எடிட்டர் இரண்டு டேக்குகளை ஒட்டும் இடத்தில் பின்னணி ஒலி சட்டென்று அறுபடும். அவசரத்தில் இருக்கும் யூனிட்டிடம் இந்த அரை நிமிடத்தைக் கேட்டு வாங்குவதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.

‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் ரயில் நிலையத்திலும் ரசூல் ஒலி பிடித்தார். அமைதி என்பதே வாய்க்காத இடங்கள் அவை. 2009 பிப்ரவரியில் ஒலிக்கலவைக்கான ஆஸ்கர், களத்தில் பதிவு செய்த அவருக்கும் இறுதிக் கலவை செய்த இயன் டேப், ரிச்சர்ட் பிரைக் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. அதே மேடையில் இசையமைப்பாளர் ரகுமான் இரண்டு விருது வாங்கியதைக் கொண்டாடிய நாம், இந்த விருதைப் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

பின்னாளில் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரே ஒருவர் மட்டும் திரையில் தோன்ற, மற்றவர்கள் குரலாக மட்டுமே வரும் தமிழ்ப் படம் அது. அந்த விருது இறுதிக் கலவைக்கானது. களப்பதிவுக்கான விருது வேறு. இந்த வேறுபாடு விருதுக் குழுக்களுக்கே பிடிபடுவதில்லை. 2022-இல் களப்பதிவுக்கான தேசிய விருது ஒரு கன்னடப் படத்துக்கு அறிவிக்கப்பட்டது. அது டப்பிங் செய்த படம் என்று அதன் ஒலி வடிவமைப்பாளரே வெளிப்படையாகச் சொன்னார். ரசூலும் அதைக் கண்டித்தார்.

களத்திலேயே நல்ல ஒலி கிடைக்க, தயாரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: லொகேஷன் பார்க்கக் கிளம்பும்போது ஒளிப்பதிவாளரோடு ஒலிப்பதிவாளரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.